உலா போன பிறகு அந்தப் பெண்கள்

நீ தட்டை விட்டு எழுந்து நின்றதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாய். போன் அடித்தது. யார் என்று பார்த்தாய், இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாய், அப்படியே எழுந்து நின்றுவிட்டாய். "சொல்லுங்கம்மா" என்றாய். வலது கையில் ஒட்டியிருந்த பருக்கை காய்ந்துபோகும்வரை நின்றபடியே பேசினாய். மாமா துபாயிலிருந்து பேசினாலும் காலை நீட்டிக்கொண்டு பேசுகிறவள் நீ. உனக்கு வேலை போட்டிருக்கிறோம் என்று கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து அழைத்தபோதுகூடப் படுத்துக்கொண்டுதான் பேசினாய். பேசி முடித்து உட்கார்ந்ததும், என்னம்மா அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டாய். சோறு ஆறிப்போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ரசப் பாத்திரத்தை மூடினேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கு எதையும் அந்தந்த நேரத்தில் சொல்ல வராது, அது உனக்குத் தெரியும். இப்போது நீ கருத்தரங்குக்காகப் புதுச்சேரியில் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாய். திங்கட்கிழமை வழக்கம்போல வசந்தா வீட்டுக்குப் போய் இதழுக்கு வந்திருக்கும் தபால்களைப் பிரிப்பாய். அதில் என் கையெழுத்தில் ஓர் உறை இருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. அப்பாவிடம் காட்டலாம், உன் தோழிகளுக்கும் படித்துக் காட்டலாம். மறைப்பதற்கு இதில் பொறாமையைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் நானே சொல்லிவிடப் போகிறேன்.

பொறாமை வசந்தா மேல். அன்றைக்கு நீ எழுந்து நின்று பேசினாயே, அவள் மேல். அவள் நடத்தும் இதழ் மேல். அந்த இதழின் பெயரை நான் இந்த வீட்டில் சொன்னதே இல்லை, கவனித்திருக்கிறாயா? 'அது வந்திருக்கு', 'அதை மேசையிலேருந்து எடு' என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். கோயம்புத்தூர் வேலை வந்தபோது இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நான் உன்னைக் கேட்டேன். நான் கேட்பதே அபூர்வம். நீ சிரித்தாய். காரைக்காலில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாய். புதுப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அந்தச் சமயத்தில் வசந்தாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. முன்போல உட்கார்ந்த இடத்தில் கட்டுக்கட்டாகப் படிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீ ஒரு வாரம் அங்கே போய் வந்தாய். அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாய். பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாய், இதழை நான் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாய். நான் கேட்டபோது காரைக்காலில் ஒன்றும் இல்லை. அவள் கேட்டதும் எல்லாம் இருந்தது. உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஒனக்கு வேண்டியது பொண்ணு இங்க இருக்கணும். இருக்கா. யாருக்காக இருந்தா என்ன?" என்றார். தன் பைக்கை உன் சித்தப்பா ஒருநாள் கேட்காமல் எடுத்துப்போனதற்கு வாரக்கணக்கில் முகம் கொடுக்காதவர் சொல்கிற நியாயம் இது.

அதற்குப் பிறகு நான் செய்த அற்பத்தனங்களையும் கேள். நீ அங்கே மதியம் சாப்பிடுகிறாய் என்று டப்பா கட்டித் தருவேன் அல்லவா, வேண்டுமென்றே ஒருத்திக்குப் போதுமான அளவுதான் வைப்பேன். நீ அதையும் பாதியாகப் பிரித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் செய்த ரவா உப்புமாவில் மீதி வயிற்றை நிரப்பிக்கொண்டு வருவாய். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவளுக்குச் சமைக்க வராது. மனையியல் வகுப்பில் பாயசத்தைக் கருக்கியவள். நீ வந்து, உப்புமா நன்றாக இருந்தது என்றாய். என் வஞ்சிர மீன் குழம்பை இருபத்தெட்டு வயது வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்ட வாய் அது. அன்றைக்கு ராத்திரி தோசை உனக்குக் கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது. கைத்தவறு இல்லை.

நானும் வசந்தாவும் ஒன்பதாவது வரை ஒரே பெஞ்சு என்பது உனக்குத் தெரியும். குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே காது சுடும். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட வெட்கப்பட்டுக் கையை மட்டும் நீட்டுவேன். வகுப்பில் ஏதாவது தோன்றினால் பக்கத்தில் இருக்கும் வசந்தா காதில் சொல்வேன், அவ்வளவுதான். ஒன்பதாவது முடிந்த லீவில் உன் தாத்தா என்னைக் கூப்பிட்டு, படித்தது போதுமா, மேலே படிக்கிறாயா, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கேட்காமல் நிறுத்திவிட்டார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் தோழிகளிடமும் அப்படித்தான் சொல்கிறாய். கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, சரி, பிள்ளைக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அந்த ஜூனில் வசந்தா பத்தாவதுக்குப் போனாள். உன்னை யாராவது ஒன்று கேட்டால் தப்பாக இருந்தாலும் ஏதாவது பதில் சொல்லிவிடு. பேசாமல் நின்றால் நம் பதிலையும் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இதழின் சிறப்பு மலர் வந்தது. இதழ் தொடங்கியதிலிருந்து இன்றுவரை இடைக்கால இலக்கிய ஆய்வில் என்ன மாறியிருக்கிறது என்று நீ எழுதிய நீண்ட கட்டுரை அதில் வந்திருந்தது. நான் படிக்கமாட்டேன் என்று நினைத்து நீ அதை எனக்குக் காட்டவில்லை. நீ கல்லூரிக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பொறாமையோடு படித்தால் ஒரு வரிகூட விட்டுப்போகாது. நன்றாக எழுதியிருக்கிறாய், எனக்கே புரிந்தது. இடைக்காலத்தில் எழுந்த உலா, தூது, கலம்பகம், தலபுராணம் எல்லாவற்றையும் முன்பு இலக்கிய வரலாறுகளில் அரைப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போவார்களாம். அரைத்த மாவையே அரைத்தார்கள், கோயிலையும் குறுநில மன்னர்களையும் புகழ்ந்தார்கள், அவ்வளவுதான் என்று. வசந்தா அந்த நூல்கள் உயர்ந்தவையா தாழ்ந்தவையா என்று சண்டை போடவில்லை, வேறு கேள்வி கேட்டாள் என்று எழுதியிருக்கிறாய். முதல் இதழின் முதல் கட்டுரையிலேயே கேட்டிருக்கிறாள். உலாவில் தலைவன் தெருவில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்க்கிறார்கள், மயங்குகிறார்கள், வளை கழல நிற்கிறார்கள். அவன் போய்விடுகிறான், பாட்டு முடிந்துவிடுகிறது. உலா போன பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்த கட்டுரைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண்கள் எந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் என்று கல்வெட்டுகளில் தேடப் போனார் ஒருவர். எந்தத் திருவிழாவில் யார் முன்னிலையில் இதைப் பாடினார்கள், கேட்ட கூட்டத்தில் பெண்கள் இருந்தார்களா என்று பார்த்தார் இன்னொருவர். அவர்கள் வெறும் மரபு, காகிதப் பெண்கள், அவர்களுக்கு வீடு வாசல் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு பேராசிரியர் காட்டமாக எழுத, வசந்தா அதையும் ஒரு சொல் குறைக்காமல் போட்டிருக்கிறாள். அந்தச் சண்டை பல இதழ்களுக்கு நீண்டிருக்கிறது. அந்தச் சண்டையிலிருந்து ஆய்வேடுகள் பிறந்திருக்கின்றன, கல்லூரிப் பாடத்தில் உலாவுக்கு இடம் வந்திருக்கிறது, கடல் தாண்டியும் அடிக்குறிப்புகளில் இந்த இதழின் பெயர் ஏறியிருக்கிறது. ஆனால் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால் பாதிதான் தெரியும், இன்று உலாவைத் தொடுகிற எந்த மாணவியும் எங்கிருந்து வந்தது என்று அறியாமலே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறாள், இதழின் உண்மையான தாக்கம் அதுதான் என்று முடித்திருந்தாய். 

அதற்கு இரண்டு பத்தி மேலே ஒரு வரி இருக்கிறது. 'இதழாசிரியர் தம் ஒன்பதாம் வகுப்பில் எழுப்பிய இக்கேள்வியே பின்னாளில் இதழாக விரிந்தது.' அதை நீ வசந்தாவின் பேட்டி ஒன்றிலிருந்து எடுத்திருப்பாய். அது தவறு, பாப்பா. அந்தக் கேள்வி என்னுடையது.

தமிழய்யா, சாமி பவனி வரும் அந்த உலாப் பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டினார். பரீட்சைக்கு வராது என்றார். நான் மட்டும் பக்கத்தைத் திருப்பாமல் படித்துக்கொண்டிருந்தேன். வசந்தா காதில்தான் கேட்டேன், "ஏண்டி, சாமி போயிட்டாரு. அந்தப் பொண்ணுங்கள்லாம் அப்புறம் வீட்டுக்குப் போயி என்ன பண்ணிருப்பாளுங்க?" எனக்குக் கிண்டலும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து நின்று அதையே உரக்கக் கேட்டாள். வகுப்பு சிரித்தது. தமிழய்யாவுக்குக் கோபம் வந்து, பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று மணி அடிக்கும் வரை அவளை நிறுத்தி வைத்தார். அவள் பாவாடை ஓரத்தை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை நான் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

நீ புதுச்சேரிக்குக் கிளம்பிய மறுநாள் நான் வசந்தா வீட்டுக்குப் போனேன். உனக்கு இது தெரியாது. கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரிப்போம், பிள்ளைகளை விசாரிப்போம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் முறை. கையில் மீன் குழம்பு இருந்தது. இந்த முறை தாராளமாக வைத்திருந்தேன். தலத்தெருவிலிருந்து ஆட்டோவில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். யார் என்று தெரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. "வாடி. ஒருவழியா வந்தியா" என்றாள். கூடத்தில் உன் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. பழைய இதழ்கள் சுவர் முழுக்க. ஜன்னல் ஓரத்து மேசை மேல் நீ தேடிக்கொண்டிருந்த உன் பச்சைச் சால்வை. நான் மனப்பாடம் செய்தது அத்தனையும் அந்தச் சால்வையைப் பார்த்ததும் மறந்துபோனது.

அவளே ஆரம்பித்தாள். உன் பெண்ணை நான் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று கோபமா என்று கேட்டாள். "இருன்னு நான் சொல்லல. சத்தியமா சொல்றேன், போயிடுன்னுதான் சொன்னேன். சம்பளத்த விட்டுட்டு இங்க என்னத்தக் கட்டிக்கிட்டு அழப்போறன்னு திட்டினேன். ஒன் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? இது எனக்குப் புடிச்சிருக்கும்மா, ஒங்களுக்காக ஒண்ணும் இல்லன்னுட்டா. மூஞ்சில அடிச்ச மாதிரி." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளாக உன்னை என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டாள் என்று எண்ணி அவளை வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வெறுப்பில் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. நீ எனக்காக நிற்கவில்லை, அவளுக்காகவும் நிற்கவில்லை. உனக்குப் பிடித்த ஒன்று உனக்கு இருக்கிறது, அது எது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டவர்களிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாய். அப்போது வந்தது பார், அதுதான் அசல் பொறாமை. அது வசந்தா மேல் இல்லை. பெற்ற மகள் மேல் அப்படி ஒன்று வரலாமா என்று கேட்காதே. வந்தது.

பிறகுதான் உன் கட்டுரையில் இருந்த அந்த வரியைச் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன், ஆனால் அவளுக்குப் பழக்கமான குரல் அல்லவா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒன்னோட கேள்விதான். எனக்கா தெரியாது? மேடையில அதச் சொல்றப்பல்லாம் ஒன் பேரு வாய் வரைக்கும் வரும்" என்றாள். சொல்லியிருக்கலாமே என்றேன். "ஒன்னக் கேக்காம எப்படிச் சொல்றது? கேட்டா வேணாம்னுதான் சொல்லிருப்ப. அப்படியே சொல்லிச் சொல்லி, நானே கேட்ட மாதிரி எனக்கே ஆயிப்போச்சு." கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலேயே எரிச்சலாக இருந்தது. நின்று திட்டு வாங்கியது நான், அதை மறந்துவிடாதே என்றாள். மறக்கவில்லை என்றேன்.

குழம்பை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டே அவள் வேலைப் பேச்சுக்குப் போய்விட்டாள். உங்கள் இதழின் முதல் பக்கம் என்ன என்பது எனக்குத் தெரியும், நீதான் சொல்லியிருக்கிறாய். தலையங்கம் கிடையாது. போன இதழில் யார் எதைத் தவறாக எழுதினார்கள், அதைச் சுட்டிக்காட்டியவர் யார், எந்த ஊர் என்ற திருத்தங்கள்தான் முதல் பக்கம். வசந்தாவின் தவறுகளே அதில் பலமுறை வந்திருக்கின்றன, மற்ற இதழ்களில் அதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வாய். திருத்தம் எழுதி அனுப்பு, போடுகிறேன் என்றாள். போட்டால் தவறு உன் கட்டுரையில் என்றுதானே வரும், பிள்ளையின் பெயர் கெடாதா என்று பதறினேன். "அங்க பேரு வர்றத அவ கவுரவமா நெனைப்பா. ஒன் பொண்ண ஒனக்கு இன்னும் தெரியல" என்றாள். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சரி, இப்போதே ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "தபால்ல அனுப்பு. கையில வாங்குனா வீட்டுச் சமாச்சாரமாயிடும். பேரு போட்டு எழுது. ஒரு வாசகின்னெல்லாம் எழுதுனா நான் குப்பையில போட்டுருவேன்." கிளம்பும்போது உப்புமா சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன். உப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். திருத்தம் சின்னதுதான். உன் கட்டுரையின் பெயரையும் பக்கத்தையும் குறித்து, 'வகுப்பில் எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர் இதழாசிரியர். அதை முதலில் அவர் காதுக்குள் மெதுவாகக் கேட்டவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்' என்று எழுதினேன். அவள் எழுந்து நின்றதை விட்டுவிட்டு எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தேன். பொறாமைக்காரி நான். ஆனால் விடவில்லை. இனிமேல் உன் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேள்வி கேட்டால் அவளுக்குப் பதில் சொல். பிறகு அவள் பக்கத்தில் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளையும் ஒரு தடவை பார். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான், மற்றதெல்லாம் உனக்கே தெரிகிறது. கீழே பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. ரேஷன் கார்டிலும் பேங்க் புத்தகத்திலும் என் பெயருக்குப் பின்னால் உன் அப்பா பெயர் இருக்கிறது. அதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் கூப்பிடுவார்களே, அந்த இனிஷியலோடு எழுதினேன். கை அதை மறந்திருக்கவில்லை.

உறையின் வெளியே மட்டும் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டேன். தபால்காரர் பார்ப்பாரே என்று கூச்சம். தபால் ஆபீஸில் நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயது இருக்கும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதிவுத் தபாலுக்கு அனுப்புநர் பெயர் வேண்டுமே என்றாள். சொன்னேன். ஃபேன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்கம்மா" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, இனிஷியலோடு சொன்னேன்.